தெரிந்து செய்தவள்

வெள்ளேரிக் கரையில் பொன்னுரங்கம் மூச்சுத் திணறிச் செத்துப்போனதில் மூன்று அதிகாரிகளுக்குப் பங்கு இருந்தது. வீடுகளை இடிக்க உத்தரவு போட்டவர் கோட்டாட்சியர் தணிகாசலம். நேரில் நின்று இடிக்க வைத்தவள் வட்டாட்சியர் மங்கையர்க்கரசி. கூட்டத்தைத் தடுத்து நிறுத்தியவர் ஓர் இன்ஸ்பெக்டர். செத்தவரின் மகள் தெய்வானை, அதிகாரிகளை விசாரிக்கும் பொறுப்புத் தீர்ப்பாயத்தில் மூவர் மீதும் மனுக் கொடுத்தாள். மங்கையர்க்கரசி மீது மட்டும் வழக்கு நடத்தலாம் என்று பதில் வந்தது.

"மத்த ரெண்டு பேருக்கும் பச்சை மேடம். உங்களுக்குத்தான் மஞ்சள்" என்றார் கிளமென்ட். அவளுக்காகத் துறை ஏற்பாடு செய்திருந்த வழக்கறிஞர் அவர். "கோட்டாட்சியர் பதிவைப் பார்த்தேன். ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரே கோடு. ஒரு புள்ளி ஏறல, எறங்கல. அவர் மேல கேஸ் நம்பர்கூட ஆகாது."

"ஒரே உத்தரவு சார். அவர் சொன்னாரு, நான் செஞ்சேன்."

"உத்தரவு ஒண்ணுதான். உங்க மனசு வேற, அவர் மனசு வேற. சட்டம் மனசத்தானே பாக்குது?"

காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிறிய வில்லைக்கு அரசாணையில் உளச்சான்றுக் கருவி என்று பெயர். அலுவலகங்களில் பொட்டு என்பார்கள். நல்லெண்ணப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து அது இல்லாமல் எந்த அதிகாரியும் கையொப்பம் இட முடியாது. தான் செய்வது தவறு என்று மனம் உள்ளுக்குள் உணரும்போது மூளையில் எழும் சலனத்தை அது பிடித்துக்கொள்ளும். சலனம் இல்லையென்றால் கையிலிருக்கும் டேப் திரையின் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும். இருந்தால் மஞ்சள். பச்சையில் செய்த எதற்கும் அதிகாரியை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. அவர் நல்லெண்ணத்தோடு கடமையைச் செய்தார் என்று பொருள். மஞ்சளில் செய்தது தெரிந்தே செய்த தவறு. அதற்குப் பாதுகாப்புக் கிடையாது.

அதற்கு முன்பெல்லாம் ஓர் அதிகாரி மீது வழக்குப் போட அரசிடமே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கோப்பு வருஷக்கணக்கில் தூங்கும். கடைசியில் 'நல்லெண்ணத்தில் செய்தார்' என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார்கள். இனிமேல் அதிகாரியின் நெஞ்சே சாட்சி சொல்லும் என்றபோது ஊரே கைதட்டியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மங்கையர்க்கரசியும் கைதட்டியவள்தான்.

நடந்தது வேறாக இருந்தது. மனம் உறுத்துகிறவர்கள் ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள், அல்லது விருப்ப ஓய்வில் போனார்கள். உறுத்தாதவர்கள் பதவி உயர்வில் மேலே போனார்கள். நடுவில் இருந்தவர்களுக்குத் துறையே சமநிலைப் பயிற்சி என்று ஒன்றை நடத்தியது. கையொப்பம் இடும் முன் மூச்சை மெல்ல இழுக்க வேண்டும், நிறுத்த வேண்டும், விட வேண்டும். மனத்துக்குள் ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தணிகாசலம் அதில் பேர் போனவர். மற்ற அதிகாரிகளுக்கு அவரே வகுப்பு எடுத்தார். மங்கையர்க்கரசியும் அவரிடம்தான் கற்றுக்கொண்டாள்.

*

வெள்ளேரியைத் தூர்வாரும் வேலையை மறுநாள் அமைச்சர் தொடங்கி வைப்பதாக இருந்தது. கரையிலிருந்த வீடுகள் அன்றைக்குள் போயாக வேண்டும். பெரும்பாலானவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள். பொன்னுரங்கத்தின் வீட்டில் மட்டும் அவர் உட்கார்ந்திருந்தார்.

கல்குவாரியில் வேலை செய்த ஆள். நுரையீரல் முழுக்கக் கல்தூசி. மூக்கில் இரண்டு குழாய், அவை போய்ச் சேரும் இடத்தில் கட்டிலுக்கு அடியில் ஓர் ஆக்சிஜன் மெஷின். அது ஓடினால்தான் அவருக்கு மூச்சு. மகள் தெய்வானை சிலிண்டர் வைத்த ஆம்புலன்ஸ் தேடிப் போயிருந்தாள். சொல்லி வைத்த வண்டி வரவில்லை என்று தானே ஓடியிருந்தாள்.

ஜேசிபி வருவதற்கு முன்னால் தெருவுக்கு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அதுதான் விதி. இன்ஸ்பெக்டர் கூட்டத்தைத் தள்ளி நிறுத்தியிருந்தார். லைன்மேன் கம்பத்தடியில் மங்கையர்க்கரசியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு அரை மணி நேரம் பொறும்மா" என்றார் பொன்னுரங்கம். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார். "எம் பொண்ணு வந்துடும். வந்ததும் நானே ஏறிக்கிறேன். நான் ஒண்ணும் இங்கியே கெடக்கறேன்னு சொல்லலம்மா."

இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார்.

மங்கையர்க்கரசி வெளியே வந்து தணிகாசலத்துக்குப் போன் செய்தாள்.

"சார், ஒருத்தர் ஆக்சிஜன்ல இருக்காரு. ஆம்புலன்ஸ் வரல."

"மெஷின்ல பேட்டரி இருக்கும்மா. எல்லா மெஷின்லயும் இருக்கும்."

"பழைய மெஷின் சார். தெரியல."

"மங்கை, அங்க ஒரு வீட்டுக்கு நின்னா நாளைக்கு நூறு வீடு கேக்கும். உங்களுக்குப் பதிவு ஓடிட்டிருக்கு, ஞாபகம் வச்சுக்கங்க. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. மூச்சை இழுங்க. நிறுத்துங்க. விடுங்க. சரியா?"

அவள் இழுத்தாள், நிறுத்தினாள், விட்டாள். பிறகு லைன்மேனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

பேட்டரி என்று ஒன்று இருந்தது. அது கொஞ்ச நேரம் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. நாலு பேர் சேர்ந்து அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்து வேப்ப மரத்தடியில் வைத்தார்கள். மங்கையர்க்கரசி தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். அவருக்கு வேண்டியிருந்தது தண்ணீர் இல்லை. அது உதட்டோரம் வழிந்து சட்டையை நனைத்தது. அவர் கண் அவளையே பார்த்தபடி இருந்தது. ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பியபோது அவர் கழுத்து சாய்ந்துவிட்டது. தெய்வானை வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தாள்.

*

வழக்குச் செய்தி வெளியானதும் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மங்கையர்க்கரசியை ஊர் புகழ ஆரம்பித்தது.

மூன்று அதிகாரிகளில் மனசாட்சி உறுத்தியது ஒருத்திக்குத்தான், அவளைத்தான் சட்டம் தண்டிக்கிறது. இது என்ன சட்டம் என்று தொலைக்காட்சியில் பேசினார்கள். ஊழியர் சங்கம் அவள் படத்தைப் போட்டுச் சுவரொட்டி ஒட்டியது. தெய்வானையின் முன்னால் மைக்கை நீட்டியபோது அவள்கூடச் சொன்னாள்: "அந்தம்மா ஒருத்தங்கதான் எங்கப்பாவை மனுஷனா பாத்திருக்காங்க. தண்ணி குடுத்திருக்காங்க. அவங்க மேல மட்டும் கேஸ் போடச் சொல்றாங்க. நான் யாரைக் கேக்கறது?"

அதைப் பார்த்துக்கொண்டிருந்த மங்கையர்க்கரசி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். கணவன் நம்பிராஜன் பின்னாலேயே வந்தான்.

"எதுக்கு ஒளியிற? ஜனங்க உன் பக்கம் இருக்காங்க. எங்க பேங்க்ல மேனேஜரே வந்து கை குடுத்தாரு, உங்க வீட்டம்மா பெரிய மனுஷின்னு."

"அந்த டிவிய நிறுத்துங்க."

"நல்லதுதானே சொல்றாங்க?"

"நிறுத்துங்கன்னு சொன்னேன்."

அவள் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தாள், மூடினாள். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைத்தெருவில் யாராவது அடையாளம் கண்டு வணக்கம் சொன்னால் உடம்பெல்லாம் கூசியது. பாதையை மாற்றிக்கொண்டு நடந்தாள்.

கிளமென்ட் மறுபடி கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடம், புகழ்ச்சி எல்லாம் சரி. தீர்ப்புல அது நிக்காது. உங்களக் காப்பாத்த ஒரே ஒரு வழி இருக்கு. அந்த மஞ்சளுக்கு வேற காரணம் இருக்கணும். தலைவலி, வீட்டு நினைப்பு, வேற ஏதாவது பயம். 'தவறு'ன்னு உணர்ந்ததால வந்த மஞ்சள் இல்லன்னு காட்டிட்டா பாதுகாப்பு திரும்பக் கெடைச்சிடும். பொய் சொல்லச் சொல்லல. நீங்களே யோசிச்சுப் பாருங்க. அந்த நேரத்துல என்ன நெனைச்சீங்க?"

கிளமென்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"அவரு கும்பிட்டப்போ பச்சையா இருந்துது சார்" என்றாள்.

"சரி."

"எனக்கு ஒண்ணுமே தோணல. வகுப்புல சொல்லிக் குடுத்த மாதிரி சுவரைப் பாத்துட்டு நின்னேன். அப்புறம் போன் பேசினேன். அவரு பதிவு ஓடுதுன்னு சொன்னாரு. உடனே டேபைப் பார்த்தேன். மஞ்சளாயிடுமோ, ப்ரமோஷன் போயிடுமோன்னு பயந்தேன். அப்பதான் சார் அது மஞ்சளாச்சு. பெரியவருக்காக இல்ல. எனக்காக."

சொல்லி முடித்ததும் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கிளமென்டோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது போதும் மேடம்! சுயநலப் பயம். அது தவறை உணர்ந்த குறி ஆகாது, அதுக்குத் தீர்ப்பே இருக்கு. நீங்க இதச் சொல்ற அன்னிக்கே தெய்வானை மனு தள்ளுபடி. இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"வெக்கமா இருந்துது."

"வெக்கத்துக்கு ஜெயிலுக்குப் போவாங்களா யாராவது?" அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அவளைக் காப்பாற்ற ஒரு கதவு திறந்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

*

ஏரிக்கரையில் வீடிழந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்திருந்தார்கள். மங்கையர்க்கரசி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்ட் ஓடாத அந்தக் கட்டடத்தில் படியேறிப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கதவைத் திறந்த தெய்வானை ஒரு கணம் திகைத்தாள். தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். பிறகு அவசரமாக நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்து உதறிப் போட்டாள்.

"உக்காருங்க மேடம். ஏறி வந்தீங்களா? மூச்சு வாங்குது பாருங்க." எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்க மேல கேஸ் நடத்த எனக்கு மனசே இல்ல. வக்கீலம்மாதான், இந்தக் கேஸ் இருந்தாதான் சட்டத்தையே கேள்வி கேக்க முடியும்னு சொன்னாங்க. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

மங்கையர்க்கரசி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். கிளமென்டிடம் சொன்னதை அப்படியே சொன்னாள். கும்பிட்டபோது பச்சை, தன் பதவி உயர்வை நினைத்தபோது மஞ்சள் என்று சொன்னாள்.

தெய்வானை நின்றபடியே கேட்டாள். முகத்தில் முதலில் எதுவும் மாறவில்லை.

"அந்த டம்ளரைக் கீழ வைங்க" என்றாள்.

மங்கையர்க்கரசி வைத்தாள்.

"டிவியில உங்களப் பத்தி நல்லதாப் பேசினேன். ஊரு பூரா கேட்டுது."

"தெரியும்மா."

"எங்கப்பா கும்பிட்டாரா?"

"கும்பிட்டாரு."

"யாரையும் கும்பிட மாட்டாரு அவரு. கோயில்லயே கையக் கட்டிக்கிட்டுத்தான் நிப்பாரு." தெய்வானை சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே இன்னொரு கட்டடத்தின் சுவர்தான் தெரிந்தது. அவள் தோள் குலுங்கியது. பேசியபோது குரலில் அழுகை இல்லை. "இப்ப இத எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"கோர்ட்டுல இதச் சொன்னா என்னை விட்டுடுவாங்க. உன் கேஸ் நிக்காது. சொல்லலைன்னா நான் நல்லவள்னு ஆயிடும். ரெண்டுமே..." அவளால் முடிக்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். பச்சையாத்தானே இருந்துது? அப்புறம் எதுக்கு டேபைப் பாத்தீங்க?"

"மஞ்சளாயிடுமோன்னு."

"அது ஏன் மஞ்சளாவணும்? நீங்க செய்யறது சரின்னா அது எதுக்கு ஆவப் போவுது?"

மங்கையர்க்கரசி கீழே வைத்த டம்ளரைப் பார்த்தாள்.

"தப்புன்னு தெரியாதவங்க மாட்டிக்குவோமான்னு பயப்படுவாங்களா மேடம்? உங்களுக்கு எங்கப்பாவ நெனைச்சுப் பாவமா இல்ல. அது உங்க மனசு, நான் என்ன செய்ய முடியும்? ஆனா தெரிஞ்சுது. நல்லாத் தெரிஞ்சுது. தெரிஞ்சத மறைக்கத்தான் அந்த மூச்சு வுடற வேலையெல்லாம்." தெய்வானை கதவருகே போய் நின்றுகொண்டாள். "உங்க வக்கீல் சொன்ன மாதிரி சொல்லித் தப்பிச்சுக்கங்க, இல்லாட்டி தெரிஞ்சே செஞ்சேன்னு சொல்லுங்க. அது உங்க இஷ்டம். ஆனா எங்கிட்ட வந்து எறக்கி வச்சிட்டு லேசா நடந்து போயிடலாம்னு நெனைக்காதீங்க. எடுத்துட்டுப் போங்க."

மங்கையர்க்கரசி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று இறங்கினாள்.

*

பொறுப்புத் தீர்ப்பாயத்தில் அன்று உட்கார இடமில்லை. நீதிபதி அனுசூயா முன்னால் கிளமென்ட் எழுந்து, தன் கட்சிக்காரர் ஒரு விளக்கம் தர விரும்புகிறார் என்றார். முதல் வரிசையில் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, அமைதியான முகம். சாட்சியாகத்தான் அழைத்திருந்தார்கள்.

"அந்த மஞ்சள் வந்த நேரத்தில் உங்கள் மனத்தில் இருந்தது என்ன? இறந்தவரைப் பற்றிய எண்ணமா?" என்று கேட்டார் கிளமென்ட்.

"இல்லை" என்றாள் மங்கையர்க்கரசி.

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சங்கத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னைப் பற்றிய எண்ணம். மஞ்சள் ஆகிவிடுமோ, என் பதவி உயர்வு போய்விடுமோ என்ற பயம். அவருக்காக நான் வருத்தப்படவில்லை. என்னை நல்லவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மையில்லை."

கிளமென்ட் திருப்தியோடு உட்காரப் போனார். அவள் நிறுத்தவில்லை.

"ஆனால் எனக்குத் தெரியும் அம்மா. அந்தக் கரண்டை நிறுத்தினால் அவர் செத்துப்போவார் என்று தெரியும். தெரிந்ததால்தான் புள்ளியைப் பார்த்தேன். தெரியாதவளுக்குப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? பச்சையாக இருந்தபோதும் தெரியும். பச்சையாக இருப்பதற்குத்தான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். போனில் கோட்டாட்சியர் சொன்னார், மூச்சை இழு, நிறுத்து, விடு என்று. அந்தப் பெரியவர் மூச்சுக்கு மன்றாடுகிறார். நான் என் மூச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்."

அவளுக்குக் குரல் அடைத்துக்கொண்டது. நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"தெரிந்தேதான் செய்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்."

தெய்வானையின் வழக்கறிஞர் வளர்மதி எழுந்தார். தன் மனத்தைத் தானே மரத்துப்போகச் செய்துகொள்கிறவனுக்குப் பாதுகாப்பும், செய்துகொள்ளத் தவறியவனுக்குத் தண்டனையும் தரும் சட்டம் எப்படிச் செல்லும் என்று கேட்டார். அரசியல் சாசனத்தின் முன் எல்லாரும் சமம் என்றால், அதிகாரியின் நெஞ்சுக்கு மட்டும் ஏன் ஒரு கவசம் என்று கேட்டார். நீதிபதி நீண்ட நேரம் குறிப்பு எழுதினார்.

தீர்ப்புச் சொன்ன நாளில் மழை. மங்கையர்க்கரசி குற்றவாளி. ஓராண்டுச் சிறை, பணி நீக்கம். தணிகாசலத்தையும் இன்ஸ்பெக்டரையும் பற்றி நீதிபதி வாசித்தது நிதானமாக, சற்று இறங்கிய குரலில் இருந்தது. பயிற்சி எடுப்பது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. செயலின்போது அவர்கள் தவறை உணர்ந்ததாகக் கருவி காட்டவில்லை. சட்டம் செல்லும். அதை மாற்றும் பொறுப்பு சட்டமன்றத்துடையது.

"எனினும், இந்தத் தீர்ப்பு வெளியாகும் நாள் முதல், மூச்சுக் கருவியை நம்பியிருக்கும் ஒருவரின் வீட்டில் மின்சாரத்தைத் துண்டிப்பது தவறு என்பது எல்லா அதிகாரிகளும் அறிந்த ஒன்றாகவே கொள்ளப்படும். இனி எந்த அதிகாரியும் இதில் பச்சையைக் காட்டிப் பாதுகாப்புக் கோர முடியாது."

வளர்மதி மெதுவாகத் தலையசைத்தார். அவர் அளவில் அது ஒரு வெற்றி. தெய்வானை எழுந்து நின்றாள்.

"அம்மா, எனக்கு ஒண்ணு புரியல. மூச்சு மெஷின நிறுத்தினா ஆளு செத்துப்போவான்றது, எங்கப்பா செத்ததுக்கு அப்புறந்தான் அவங்களுக்குத் தெரியணுமா? மருந்து குடுக்காம விட்டா தப்புன்னு தெரிய இன்னொருத்தர் சாகணுமா? தண்ணி குடுக்காம விட்டா? ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொருத்தரா?"

காவலர் அவளை உட்காரச் சொன்னார். நீதிபதி கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். பதில் சொல்லப் போகிறவர் போல் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தாள்களை அடுக்கிவைத்துக்கொண்டு, தலை நிமிராமலேயே உள்ளே போய்விட்டார்.

*

காகிதங்கள் தயாராகும் வரை மங்கையர்க்கரசியைத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் காவலர். நம்பிராஜன் மேல்முறையீடு பற்றி கிளமென்டிடம் பேசப் போயிருந்தான். சங்கத்துக்காரர்கள் அவளைப் பார்க்காமலேயே கடந்து போனார்கள். தெய்வானை வளர்மதியோடு படியிறங்கினாள். போகும்போது ஒருமுறை இவள் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. ஆனால் பார்த்தாள்.

தணிகாசலம் எதிரே வந்து நின்றார். மங்கையர்க்கரசி பழக்கத்தில் எழுந்துகொண்டாள்.

"உக்காருங்க, உக்காருங்க." அவரும் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தாள். தன் பெயரை இழுத்ததற்குக் கேட்பார் என்று நினைத்தாள்.

"அங்க கூண்டுல நின்னு பேசினீங்களே. கடைசில குரல் அடைச்சுதே. அது நெஜமா?"

"நெஜம்தான் சார்."

"நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல மங்கை." அவர் பெய்யும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போன தையில எங்கம்மா தவறிட்டாங்க. நாந்தான் கொள்ளி வச்சேன். வீடு பூரா அழுவுறாங்க. எம் பொண்ணு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுவுறா. எனக்கு ஒண்ணும் வரல. வெள்ளைச் சுவர்தான் தெரியுது. அன்னைக்கு ஏதோ அதிர்ச்சின்னு நெனைச்சேன். பத்தாம் நாளும் வரல. இப்பவும் வரல."

மங்கையர்க்கரசி அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பொட்டைக் கழட்டி வச்சிட்டுப் பாத்தேன். லீவு போட்டுப் பாத்தேன். அந்தப் பெரியவர் போட்டோவைக்கூட எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன். தப்புன்னு தெரியுது. அறிவுக்குத் தெரியுது. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல." அவர் அவள் பக்கம் திரும்பினார். நோயாளி வைத்தியரிடம் கேட்பது போல, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?"

"வெக்கமா இருக்கு சார்."

"அது எங்க இருக்கும்?"

"என்ன சார்?"

"உடம்புல. எந்த எடத்துல?"

அவள் யோசித்தாள். விளையாட்டாகக் கேட்கவில்லை என்று அவர் கண்ணில் தெரிந்தது.

"இங்க சார், தொண்டையில. எச்சில் முழுங்கினாக்கூட எறங்காது."

பெண் காவலர் தோளைத் தொட்டு, வண்டி வந்துவிட்டது என்றார். மங்கையர்க்கரசி எழுந்து நடந்தாள். படிகளின் முனையில் திரும்பிப் பார்த்தபோது தணிகாசலம் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். தலையைச் சற்று நிமிர்த்தி, இரண்டு விரலால் தன் தொண்டையை மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டு, எச்சிலை விழுங்கினார். மறுபடியும் விழுங்கினார்.